காடிக் கருவி வாங்கப் போன அன்று

நம் தச்சுப் பட்டறைப் பெண்கள் நீங்கள் நான்கு பேரும் போன வாரம் வந்து, வீட்டிலேயே வைத்து வேலை செய்ய, மரத்தில் பள்ளம் எடுக்கிற ஒரு ரூட்டர் மிஷின் வாங்கப் போகிறோம், கையில் இருக்கிற பணத்துக்குள் எதை வாங்கலாம் என்று கேட்டீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். காப்பிகூடக் கொடுக்கவில்லை. கிழவிக்குத் தலைக்கனம் என்று நினைத்திருப்பீர்கள். அது இல்லை. நாலு முகம் ஒன்றாக என்னைப் பார்த்தால் எனக்கு நாக்கு எழும்பாது. சின்ன வயதிலிருந்து அப்படி. ஐந்தாம் வகுப்பு வரை படித்த எழுத்து கையில் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மின்சார மிஷினைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நம் பட்டறைக்கு அது வந்த வருடம்தான் நான் வேலையை விட்டேன். நான் உளியும் கொட்டாப்புளியுமாகக் காடி எடுத்தவள். ஒரு பலகையின் விளிம்பை இன்னொரு பலகை வாங்கிக்கொள்ள வெட்டுகிறோமே, அந்தப் பள்ளத்துக்கு அந்தக் காலத்திலும் ஒரு கைக்கருவி இருந்தது. அதை வாங்கப் போன கதைதான் எனக்குத் தெரியும். நன்றாக முடிந்த கதை இல்லை. இதுவரை யாரிடமும் சொன்னதும் இல்லை.

ஜெர்மன்காரனோடும் ஜப்பான்காரனோடும் சண்டை நடந்த காலம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் மிஷன் தொழிற்பள்ளியில் தச்சு படித்தவர். பனையேறிக் குடும்பத்தில் பிறந்து ஆசாரி வேலைக்கு வந்தவர் என்பதால் ஊரில் அவருக்கு 'மிஷன் ஆசாரி' என்று பெயர். கேலியாக வைத்த பெயர்தான், ஆனால் அவருக்கு அதில் ஒரு பெருமை உண்டு. தூத்துக்குடித் துறைமுகத்தில் படகு செப்பனிடும் இடத்தில் வேலை. ஒரு நாள் மரம் இறக்கும்போது சங்கிலி சுற்றி வலது கையில் நடு மூன்று விரலும் போயிற்று. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு மாதம் அவர் சும்மா இருந்தார். சும்மா என்றால் உட்கார்ந்திருந்தார் என்று அர்த்தம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பு இறக்கி, வேலைமேசை போட்டு, இடது கையால் ரம்பம் பிடித்துப் பழகினார். இழைப்புளி தள்ள வந்துவிட்டது. முளைக்குச்சி அடிக்க வந்துவிட்டது. உளிதான் வரவில்லை. ஒரு கை உளியைப் பிடிக்க வேண்டும், மறு கை கொட்டாப்புளியால் அடிக்க வேண்டும். எந்தக் கையில் எதைப் பிடித்தாலும் ஒன்று நழுவியது. உளி இல்லாமல் காடி எடுக்க முடியாது, காடி எடுக்க முடியாதவனிடம் பெட்டி, அலமாரி என்று யாரும் வரமாட்டார்கள். அவர் மறுபடி தச்சனா இல்லையா என்பது அந்த ஒரு பள்ளத்தில் நின்றது.

தோணித்துறையில் வயதான மேஸ்திரி ஒருவர் இருந்தார். இவருடைய கையைப் பார்க்க வந்தவர், அந்தக் கையைத் தன் மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏலே, இந்தக் கையிக்குத் தக்கன வாகை மரத்துல நான் காடிக் கருவி ஒண்ணு செஞ்சு தாரேன். நடுவுல அலகு, ரெண்டு பக்கமும் பிடி. வலப்பக்கப் பிடியக் குழிவாச் செதுக்கிட்டா உள்ளங்கை போயி உக்காந்துக்கிடும். அலகு நம்ம கொல்லன் அடிச்சுத் தருவான். ஒரு மாசம் பொறு."

"நொண்டிக்குன்னு செஞ்ச சாமானா மாமா?" என்றார் இவர்.

"நொண்டிக்குச் செய்யாம, முடவனுக்கா செய்வாவ?" என்று மேஸ்திரி சிரித்தார். இவரும் சிரித்தார். ஆனால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

இரண்டு நாள் கழித்து ஒரு செய்தி வந்தது. பழைய கப்பல் சாமான் விற்கிற கடையில் காடி எடுக்கிற சீமைக் கருவி ஒன்று வந்திருக்கிறதாம். முழுவதும் இரும்பு. இரண்டு பக்கமும் உருண்டைக் குமிழ். தொழிற்பள்ளியில் துரை அப்படி ஒன்றைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தாராம், பையன்களைத் தொடவிடமாட்டாராம். சண்டையில் சீமைச் சாமான் வரத்து நின்றுபோன நேரத்தில் அப்படி ஒன்று நம் ஊர்க் கடையில் கிடக்கிறது என்றதும் அவருக்கு இருப்பு கொள்ளவில்லை. என்னையும் வரச் சொன்னார். பணம் என் முந்தானையில் முடிந்திருந்தது. ஒரு கருவிக்குத்தான் போதும்.

கடைக்குள் ஏழெட்டு ஆண்கள் நின்றார்கள். நான் படிக்குக் கீழேயே நின்றுகொண்டேன்.

"வாரும் மிஷன் ஆசாரியாரே. சீமைச் சாமான், தொட்டுப் பாரும். தொடுததுக்குக் காசு இல்ல" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

"தொடுததுக்கு விரலும் இல்ல அண்ணாச்சி" என்றார் இவர்.

கடை முழுக்கச் சிரித்தது. விபத்துக்குப் பிறகு அவர் வெளியாட்கள் நடுவில் கேலி பேசி அன்றுதான் கேட்டேன்.

கருவியை எடுத்துக் கடைப்படி மேலேயே ஒரு துண்டுப் பலகையில் வைத்து அவரைத் தள்ளிக் காட்டச் சொன்னார்கள். என் கண்ணுக்கு நேரே, ஒரு முழம் தூரத்தில். அவர் வலது உள்ளங்கையைக் குமிழ் மேல் கவிழ்த்தார். கிண்ணத்தை மூடியது மாதிரி சரியாகப் பொருந்தியது. இடது கையை மறு குமிழில் வைத்துத் தள்ளினார். சீவல் சுருண்டு வந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்களைப் பார்க்கக் கூச்சப்படுகிறவள் சாமான்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். மேற்கு வெயில் படியில் சாய்வாக விழுந்தது. அலகு நுழைகிற ஓட்டையிலிருந்து இரும்பின் ஓரம் நோக்கி, தலைமுடி ஒன்று ஒட்டிக்கொண்டது மாதிரி ஒரு கோடு ஓடியது. பாதி வழியில் நின்றுவிட்டது. அதன் மேல் கறுப்பு மெழுகைத் தேய்த்திருந்தார்கள். நேரே நின்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. கீழே நின்றவளுக்குத் தெரிந்தது.

அவர் சட்டை நுனியை இழுக்கலாமா என்று கை எடுத்தேன். அதற்குள் அண்ணாச்சி என்னைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, உங்களுக்குப் பிடிச்சிருக்கா? வீட்டம்மா சரின்னு சொன்னாத்தான ஆசாரி முடிச்ச அவுப்பாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். 'இதில் விரிசல் இருக்கிறது' என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். ஆண்கள் நடுவில், கடைக்காரர் சாமானைக் குறை சொல்வதா, அதுவும் நான் தச்சு தெரியாத பெண். விரிசலாக இருக்காது, மேலே ஏதோ உரசியிருக்கும் என்று ஒரு எண்ணமும் வந்தது. பயப்படுகிறவர்களுக்கு அப்படி ஒரு எண்ணம் உடனே வரும். நான் தலையை ஆட்டினேன். முந்தானை முடிச்சை அவிழ்த்தேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம். அந்த ஒன்றரை மாதத்தைப் பற்றி நான் நன்றாகத்தான் சொல்ல வேண்டும். காடியின் இரண்டு பக்கமும் நான் ரம்பக் கீறு போட்டுக் கொடுப்பேன், நடுவில் இருக்கிற மரத்தை அவர் கருவியால் வழித்தெடுப்பார். பள்ளத்தின் அடி கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு கடைக்கு இழுப்பறைப் பெட்டி செய்தார். பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்தார். மேஸ்திரி ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "சீமைக்காரன் கெட்டிக்காரன்தாம்ல. ஆனா அவன் உங்கையப் பாக்கலியே" என்றார். இவர் ஒரு சீவலை எடுத்து அவர் தலையில் போட்டார்.

நான் தினமும் அந்தக் கோட்டைப் பார்த்தேன். எண்ணெய் துடைக்கிற வேலை என்னுடையது. கோடு வளரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரிடம் சொல்ல அந்த நாட்களில் எத்தனையோ நேரம் இருந்தது. சந்தோஷமாக இருக்கிறவரிடம் எப்படிச் சொல்வது என்று விட்டேன். முன்பு கூச்சம் தடுத்தது, இப்போது பாசம் தடுக்கிறது என்று நினைத்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று இப்போது தெரிகிறது.

தருவைகுளத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். மகள் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுக்க ஒரு சுரூபக் கூடு வேண்டும். மாதா சுரூபமும் அந்தோணியார் சுரூபமும் மேலும் கீழுமாக நிற்க, நடுவில் ஒரு தட்டு வைத்த சின்ன அலமாரி. மரம் அவளே கொண்டுவந்திருந்தாள். அவள் மாமனார் காலத்துத் தோணியைப் பிரித்த தேக்குப் பலகை.

"கடல்ல நாப்பது வருசம் எங்கள வச்சுக் காப்பாத்துன மரம். மாதா இதுலதான் இருக்கணும். வேற மரம் வாங்காதீரும்" என்றாள்.

"ஆணி எல்லாம் பிடுங்கியாச்சா?" என்று இவர் கேட்டார்.

"எங்க வீட்டு ஆம்பள பிடுங்குனாவ. அவுகளுக்கு மீன் முள்ளே முழுசா எடுக்கத் தெரியாது. நீரும் ஒருக்காப் பாத்துக்கிடும்."

தோணிப் பலகையில் ஆணி இருக்கும் என்பது இந்தக் கரையில் பிள்ளைகளுக்கும் தெரியும். தலை முறிந்து உள்ளே நிற்கிற ஆணி கண்ணுக்குத் தெரியாது, மேலே மரம் கறுத்து மூடிக்கொண்டிருக்கும். தச்சர்கள் விரல் நுனியால் தடவித் தடவிப் பார்ப்பார்கள். மரம் ஓர் இடத்தில் கொஞ்சம் உப்பியிருக்கும், கொஞ்சம் குளிர்ந்திருக்கும். இவர் இடது கையால் தடவினார். நானும் தடவினேன். ஆறு ஆணி எடுத்தோம். ஏழாவது இருந்தது.

நடுத்தட்டுக்குக் காடி எடுக்கும்போது பகல் பதினோரு மணி இருக்கும். அவர் உடம்பைச் சாய்த்துத் தள்ளினார். டக் என்று ஒரு சத்தம். மண்சட்டி உடைகிற சத்தம் மாதிரிதான், பெரிதாக இல்லை. கருவி இரண்டு துண்டாக மேசையில் கிடந்தது. காடிக்குள் ஆணியின் முறிந்த முனை வெள்ளையாக மின்னியது.

அவர் ஆணியைப் பார்த்தார். பிறகு வலது கையைத் தூக்கி, இல்லாத விரல்கள் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"விரல் இருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார். "மூணு விரலும் சொல்லியிருக்கும்."

துண்டுகளைத் திரும்பிப் பார்க்காமல் எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

நான் துண்டுகளை எடுத்தேன். இரும்பின் உடைந்த முகத்தைப் பார்த்தேன். ஓட்டையிலிருந்து பாதி தூரம் கறுப்பு. எண்ணெயும் அழுக்கும் ஊறிய பழைய கறுப்பு. மீதிப் பாதி புதுச் சாம்பல் நிறத்தில் பளபளத்தது. பாதி உடைந்த சாமானைத்தான் நாங்கள் காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம் என்று இரும்பே எழுதிக் காட்டியது. நல்ல கருவியாக இருந்திருந்தால் ஆணியில் முட்டி நின்றிருக்கும், அலகு பல் போயிருக்கும், சாணை பிடித்துக்கொண்டிருப்போம். நான் அந்தக் கணமே கடற்கரைக்கு ஓடியிருக்க வேண்டும். துண்டுகளைத் துணியில் சுற்றி அடுப்படிப் பரணில் வைத்தேன். அவர் வந்ததும் காட்டலாம் என்று.

வந்தார், சாப்பிட்டார், சுவரைப் பார்த்துப் படுத்தார். நாளைக்கு என்று நினைத்தேன். மறுநாள், அந்த அம்மாள் மகளின் கல்யாண நாள் நெருங்குகிறதே என்று, நான் உளியை எடுத்து மிச்சக் காடியை வெட்டத் தொடங்கினேன். அவர் வாசலில் நின்று பார்த்தார். "உளிய இம்புட்டுச் சாய்க்காத" என்று மட்டும் சொன்னார். என் காடி ஒழுங்காக வந்தது. அது கோணலாக வந்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

நாலாம் நாள் கூடு முடிந்தது. அன்று சாயங்காலம் துணிமூட்டையைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"இங்க பாருங்க. இது உங்க கையால உடைஞ்சது இல்ல. முந்தியே இதுல விரிசல் இருந்திருக்கு."

அவர் துண்டுகளை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நானும் எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு தெருதான். எண்ணெய் காட்டாத இரும்பை அந்தக் காற்று விட்டுவைக்காது. உடைந்த முகம் முழுக்க ஒரே செம்பழுப்பாகத் துரு ஏறியிருந்தது. பாதிக் கறுப்பும் இல்லை, பாதிப் பளபளப்பும் இல்லை.

"எங்கன இருக்கு?"

"இங்கன. இது வரைக்கும் கறுப்பா இருந்துது. இப்ப துருவுல தெரியல."

அவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்பிவிட அவருக்கு ஆசை இருந்தது. அது முகத்தில் தெரிந்தது. அன்று மட்டும் நான் முகத்தைப் பார்த்தேன்.

"ஏளா, நீ கடையிலயே இதப் பாத்தியா?"

கோபத்தில் கேட்கவில்லை. அவர் என் மேல் கை ஓங்கியவர் இல்லை, குரலை உயர்த்தியவரும் இல்லை. ஆமாம் என்று நான் சொல்லியிருந்தால், அந்த விரிசல் நிஜம் என்று ஆகியிருக்கும். இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்திருப்பார். பிறகு மேஸ்திரியிடம் போய் வாகை மரத்தில் செய்து தாருமென்று கேட்டிருப்பார். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். ஆனால் அத்தனை பேர் முன்னால் அவர் என்னைப் பார்த்தபோது நான் தலையாட்டினேனே, அந்தத் தலையாட்டல் கழுத்தைப் பிடித்தது.

"இல்ல. உடைஞ்ச பொறவுதான் பாத்தேன்" என்றேன்.

அவர் துண்டுகளை மறுபடி துணியில் சுற்றினார். மெதுவாக, நான் சுற்றியிருந்த அதே மடிப்பில்.

"நீ நல்லவ. எனக்காகச் சொல்லுத" என்றார்.

தருவைகுளத்து அம்மாள் கூட்டை வாங்க வந்தபோது அவரே அவளிடம், "இனிமே இவதான் செய்வா. வேலை இருந்தா இவட்ட சொல்லுங்க" என்றார். அவள் காடியைத் தடவிப் பார்த்து, "ஆம்பள வெட்டுன மாதிரி இருக்கே" என்றாள். அடுத்த மாதம் அவர் ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளத்தில் காவல் வேலைக்குப் போனார். சனிக்கிழமை வருவார், ஞாயிறு கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிப் போவார். பின்பக்கச் சாய்ப்புக்குள் வரமாட்டார். தண்ணீர் குடிக்கக்கூட என்னை முன்வாசலுக்குக் கூப்பிடுவார். மேஸ்திரி ஒருமுறை உப்பளத்துக்கே போய்க் கூப்பிட்டுப் பார்த்தாராம். "எனக்கு மரம் பேசுதது கேக்கல மாமா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பதினாலு வருடம் அப்படி இருந்து இறந்துபோனார். ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லலாம் என்று இருந்தேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். விலையைக் கடைசியாகப் பாருங்கள். யார் பிடித்து வேலை செய்யப் போகிறார்களோ அவர்கள் கைக்கு அது பொருந்துகிறதா, உள்ளே ஒன்று உடைந்தால் நம் ஊரில் செய்துகொடுக்க ஆள் உண்டா, இந்த இரண்டையும் முதலில் கேளுங்கள். பழைய சாமானாக இருந்தால் வெயிலில் சாய்த்துப் பாருங்கள், தட்டிக் கேளுங்கள். இதெல்லாம் யாரும் சொல்லுவார்கள். நான் சொல்ல வேண்டியது வேறு. நீங்கள் நான்கு பேர் சேர்ந்து போகிறீர்கள். ஒருத்தி கண்ணில் ஏதாவது பட்டால், மற்ற மூன்று பேருக்கும் அது பிடித்துப்போயிருந்தாலும், கடைக்காரர் சிரித்தாலும், கடையிலேயே சொல்லிவிடுங்கள். தப்பாக இருந்தால் ஒரு நிமிடம் வெட்கம், அவ்வளவுதான். உங்களில் அந்தக் கடைசியாக நின்ற பெண், பெயர் கேட்கவில்லை, பேசாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை முன்னால் நிற்க வையுங்கள்.

இந்த ஊரில் முதலில் தச்சு மேசையில் உட்கார்ந்த பெண் என்று என்னைப் பற்றி நம் பட்டறையில் பேசுவார்கள். புதிதாக வருகிறவர்களிடம் என்னைக் காட்டிச் சொல்வார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன், கூச்சம் என்று விட்டுவிடுவார்கள். நான் உட்கார்ந்தது அவர் இடம். அவர் தானாக எழுந்து போனார் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.